கடைசியாக யார் கை வைத்தது

பாப்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா சௌக்கியமா என்று கேட்டிருந்தாய். முழங்கால் இரண்டும் சௌக்கியமில்லை, மற்றதெல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அம்மா உன் கடிதத்தை ஒரு தடவை படித்தாள். மடித்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் எடுத்து மறுபடி படித்தேன். நாலே வரிதான் எழுதியிருக்கிறாய். தம்பி கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன். நாத்தனார் முடிச்சைச் சித்தப்பா பெண் போடட்டும். என் கை பட்டு அவன் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நான் தாங்க மாட்டேன். யாரும் வற்புறுத்த வேண்டாம். அவ்வளவுதான். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போடுவது நம் வழக்கம். அவனுக்கு இருப்பது நீ ஒருத்தி. கூடப் பிறந்தவள் சமயபுரத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்ரீரங்கத்தில் வேறொருத்தி வந்து முடிச்சுப் போடுவதா என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு நாள், சாம்பாரில் உப்புப் போதுமா என்பதைத் தவிர அவள் என்னோடு வேறு எதுவும் பேசவில்லை.

இதைப் பாலக்கரைப் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று. முதல் தாளில் உன்னை அதட்டினேன். இரண்டாவதில் கெஞ்சினேன். மூன்றாவதில், ராசியாவது கீசியாவது, படித்த பெண், நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள், நீ இதையெல்லாம் நம்பலாமா என்று மேடைப் பேச்சுப் போல எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த நம்பிக்கையை உனக்குள் போட்டது ஊர் இல்லை, நான். வையம்பட்டியில் அன்றைக்கு இன்ஜின் ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேராகச் சொல்ல வராது, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். வயசானவன் பேச்சு, பொறுத்துக்கொள்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கிணற்று மேட்டில் கிளம்பாமல் அடம் பிடிக்கிற ஆயில் இன்ஜினைக் கிளப்பிக் கொடுப்பது. "ஃபிட்டரே, இஞ்சினு எந்திரிக்க மாட்டேங்குது" என்று ஆள் வந்து நின்றால், சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இன்ஜின் ஓட மூன்று விஷயம் போதும். எண்ணெய் வந்து சேர வேண்டும், பிளக்கில் பொறி அடிக்க வேண்டும், மூச்சு விட வழி இருக்க வேண்டும். இந்த மூன்றைத் தாண்டி அதற்கு நாலாவது வியாதி கிடையாது. ஆனால் இந்த மூன்றையும் பார்ப்பதற்கு முன்னால், பையைக் கீழே வைக்கும் முன்பே, நான் ஒரு கேள்வி கேட்பேன். "கடைசியா யாரு கை வச்சது?" நேற்று வரை ஓடியது இன்றைக்கு ஓடவில்லை என்றால் நடுவில் யாரோ எதையோ திருகியிருக்கிறார்கள் என்பது என் அனுபவம். மச்சான் வந்து பிளக்கைக் கழற்றித் துடைத்திருப்பான். மூத்த மகன் கார்பரேட்டர் திருகை அரைச் சுற்றுத் திருப்பியிருப்பான். கேட்டால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தானாக நின்றுவிட்டது என்று சாதிப்பார்கள். "தானா படுத்துக்கறதுக்கு அது என்ன மாடாங்க? இஞ்சினு தானாவும் நிக்காது, தானாவும் ஓடாது" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், திருகியவன் மெல்ல நழுவுவான். இன்ஜினைத் தொடாமலே ஆளைப் பிடித்துவிடுகிற ஃபிட்டர் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

உன்னுடைய ராசி எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உனக்குப் பதின்மூன்று வயது, முழுப் பரீட்சை லீவு. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து மேலூரில் ஒரு வாழைத் தோட்டத்து இன்ஜின் காலையிலிருந்து என்னைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். நான் போவதற்கு முன்னால் தோட்டக்காரர் இழுத்திருக்கிறார், அவர் தம்பி இழுத்திருக்கிறார், ஆளுக்கு ஆள் பெட்ரோலை அதிகமாக விட்டு விட்டு உள்ளே பிளக் குளித்துக்கொண்டிருந்தது. நானும் கோபத்தில் இருபது தடவை இழுத்தேன். கோபத்தோடு இழுத்தால் இன்னும் கொஞ்சம் பெட்ரோல்தான் உள்ளே போகும். கடைசியில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, நீ கொண்டுவந்த தூக்குச் சட்டியைத் திறந்து, வாழை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். நீ இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "நான் ஒரு தடவை இழுக்கட்டுமாப்பா?" என்றாய். வாய் நிறையப் புளிச்சாதம், தலையை ஆட்டினேன். நீ பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாய். படபடவென்று கிளம்பிவிட்டது. நான் எச்சில் கையோடு ஓடிவந்து குழாயைத் திறந்தேன். தோட்டக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உன்னைக் கும்பிட்டார். "பாப்பா கைராசிங்க! ஃபிட்டரே, மகாலட்சுமிய வீட்டுல வச்சிக்கிட்டு நீங்க எதுக்கு ஸ்பானரைத் தூக்கிட்டு அலையறீங்க?"

நடந்தது இவ்வளவுதான்: நான் சாப்பிட உட்கார்ந்த அரை மணி நேரத்தில் உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிளக் காய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் யார் இழுத்திருந்தாலும் கிளம்பியிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. "ராசியெல்லாம் இல்லைங்க, பிளக்கு காஞ்சிடுச்சு" என்று நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம். கெடுக்க மனசு வரவில்லை. அது பாதி நிஜம். மீதிப் பாதி, இந்தப் பெயர் தொழிலுக்கு உதவும் என்று எனக்குப் பட்டது.

உதவியது. கொள்ளிடக் கரை வாழைத் தோப்பிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் புது இன்ஜின் இறக்கினால், முதல் கயிறு ஃபிட்டர் மகள்தான் இழுக்க வேண்டும் என்றார்கள். நீ பாவாடையிலிருந்து தாவணிக்கு மாறிய பிறகும் கூப்பிட்டார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணி வைத்துத் தட்டு கொடுப்பார்கள். நீ இழுத்த இன்ஜின் எல்லாம் ஓடின. ஏன் ஓடாது? இரண்டு நாள் முன்னதாகவே நான் தனியாகப் போய், ஓட்டிப் பார்த்து, குறைகளைச் சரிசெய்து வைத்துவிட்டுத்தானே உன்னைக் கூட்டிப் போவேன். இதை நீ கவனித்தாயோ என்னவோ, ஒரு நாளும் கேட்டதில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் இந்தக் கூத்துப் பிடிக்கவில்லை. "ஓடுனா இவ ராசிங்கறாங்க. ஓடலேன்னா என்ன சொல்லுவாங்க?" என்று ஒரு நாள் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தபடி கேட்டாள். "நான் இருக்கறப்ப ஓடாம எப்படிப் போவும்?" என்றேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதெல்லாம் அப்போது நான் அடுத்தவர்களுக்குச் சொல்ல வைத்திருந்த பழமொழி.

உனக்குப் பத்தொன்பது நடக்கும்போது வையம்பட்டி பெரியசாமி புதுக் கிணறு வெட்டி இன்ஜின் வாங்கினார். மேட்டு நிலம், மழை ஏமாற்றிவிட்டது, கடலை பூத்த நிலையில் வாடிக்கொண்டிருந்தது. அவருடைய தங்கை மகனுக்குத்தான் உன்னைக் கேட்டிருந்தார்கள். வாய்ப்பேச்சு முடிந்து, தையில் கல்யாணம் என்று வைத்திருந்தோம். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்தது என்பது நீ சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். "நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு கையாலயே மொதத் தண்ணி வரட்டுங்க" என்று பெரியசாமி சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தடவை முன்னதாகப் போய் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. அன்றைக்கு விடிந்த பிறகுதான் இன்ஜினைத் திண்டில் ஏற்றி இறுக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

சந்தனம் குங்குமம் வைக்கிற வேலையை எப்போதும் நீதான் செய்வாய். அன்றைக்கு உன் கையிலிருந்து கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். சம்பந்தி வீட்டார் பார்க்க என் கையால் அலங்காரம் செய்ய ஆசை. மண்ணெண்ணெய் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினேன், மங்களகரமாக இருக்கட்டும் என்று. சக்கரத்தில் சந்தனத்தால் மூன்று பட்டை இழுத்தேன். டேங்க் மூடியின் நடுவில் கெட்டியாக ஒரு வட்டம் வைத்து, கட்டை விரலால் அழுத்தி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். அந்த மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு, பாப்பா. எண்ணெய் குறையக் குறைய அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போனால்தான் எண்ணெய் கீழே இறங்கும். எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் துளை போட்டால் ஒழுங்காக ஊற்றாது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் ஊற்றும் என்பது வீட்டில் உனக்குத் தெரிந்த விஷயம். அந்த இரண்டாவது துளையை நான் சந்தனத்தால் அடைத்துவிட்டேன். இப்போது உனக்குப் புரிந்திருக்கும். இதோடு படிப்பதை நிறுத்திவிடாதே. இதைவிட மோசமானதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

நீ இழுத்தாய். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. பெட்ரோலுக்குத் தனி டேங்க், அதில் கோளாறு இல்லை. தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். தேங்காய்ச் சில்லை எல்லாருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். பொட்டு அழியக் கூடாதென்று விளிம்பைப் பிடித்துத்தான் திறந்தேன். டேங்க் நிறைய இருந்தது. மூடினேன். நீ இழுத்தாய், ஓடியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. பிளக்கை மாற்றினேன். பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற பாயிண்டைத் தேய்த்தேன். கார்பரேட்டரைக் கழற்றி ஊதினேன். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பெரியசாமியை எல்லார் முன்னிலையிலும் சாடி, வேறு டின் கொண்டுவரச் செய்தேன். ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் காற்று உள்ளே போகும், ஐந்து நிமிஷம் ஓடும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் கயிற்றை நீதான் இழுத்தாய். உன் உள்ளங்கை சிவந்துவிட்டது. உச்சி வெயில் ஏறியது. அந்தத் தோட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் நான் சந்தேகப்பட்டேன். என் கட்டை விரலை மட்டும் சந்தேகப்படவில்லை.

அப்போதுதான் சம்பந்தியாக வரவிருந்தவர் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னார். "ஃபிட்டரே, நீங்க எப்பவும் கேப்பீங்களாமே, இப்ப நாங்க கேக்கறோம். கடைசியா யாரு கை வச்சது?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் குரல், "ராசிக்காரின்னாங்களே" என்றது. வேறொருத்தி, "வாழை வெளையற எடத்து ராசி மேட்டுக்காட்டுக்கு ஆகலை போல" என்றாள். பெரியசாமி நல்ல மனிதர்தான். வாடுகிற பயிர் முன்னால் நல்ல மனிதரும் தடுமாறுவார். என் காதருகே வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க ஃபிட்டரே. பாப்பா கொஞ்ச நேரம் ரோட்டுப் பக்கம் போயி நிக்கட்டும்" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு. நான் பதில் சொல்வதற்குள் நீ கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாய். கூட வந்திருந்த அம்மாவும் உன் பின்னாலேயே போனாள்.

நீங்கள் வரப்பைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் பக்கம் திரும்பினேன். டேங்க் மேல் கையை ஊன்றினேன். காய்ந்த சந்தனம் நகத்தில் பட்டு ஒரு பொருக்கு உதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். துளைக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக் குத்தி எடுத்தேன். பக்கத்தில் பெரியசாமி சாமியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக ஒரு தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்துவிட்டு அவரே வந்து கயிற்றை இழுத்தார். ஓடியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி நேரம். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் கையில் அந்தக் கம்பி இன்னும் இருந்தது. அதன் முனையில் சந்தனமும் இருந்தது. நான் அதை வேட்டியில் துடைத்துப் பைக்குள் போட்டேன். தன் கையாலேயே இன்ஜின் மூச்சை அடைத்துவிட்டு ஊராரைக் குற்றம் சொன்ன ஃபிட்டர் என்று மணப்பாறை வரைக்கும் சிரிப்பார்களே என்று பயந்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் இருந்திருக்கும். அதற்குப் பயந்து உன்னை விட்டுக்கொடுத்தேன்.

நான் ரோட்டுக்கு வந்தபோது நீ பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாய். இன்ஜின் சத்தம் அங்கே வரைக்கும் தெளிவாகக் கேட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். திருச்சி வரும் வரை பேச மாட்டாய் என்று நினைத்தேன். மணப்பாறை தாண்டியதும் கேட்டாய், "என்ன கோளாறுப்பா?" பட்டறையில் வளர்ந்த பெண், அப்படித்தான் கேட்பாய். "ஒண்ணுமில்லம்மா, அதுவா ஓடிடுச்சு" என்றேன். நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இன்ஜின் தானாக ஓடாது என்று நான் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டவள் நீ. இன்ஜின் விஷயத்தில் அப்பா பொய் சொல்ல மாட்டார் என்றும் நம்பியவள். தானாக ஓடாதது தானாக ஓடியது என்றால் அங்கே மாறிய விஷயம் ஒன்றே ஒன்று, நீ அங்கே இல்லை. அப்படித்தானே நினைத்தாய்? ஊர் சொன்னதை நீ நம்பவில்லை பாப்பா, நான் சொன்னதைத்தான் நம்பினாய்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு இடத்துக்கும் வையம்பட்டிக் கதை நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நீ அழுது நான் பார்க்கவில்லை. டீச்சர் டிரெயினிங் சேர்கிறேன் என்றாய், சேர்ந்தாய், சமயபுரத்தில் வேலை கிடைத்தது, தனியாக வீடு எடுத்தாய். உன் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுத எனக்கு அருகதையும் இல்லை, அது உண்மையும் இல்லை. ஆனால் அடுத்து வந்த ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். பட்டறையில் நீ வழக்கம்போலக் கற்பூரத் தட்டை எடுத்தாய். "இந்த வருஷம் தம்பி காட்டட்டுமே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தும் என் வாயிலிருந்து அது வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன் கடைசியில் தானே அது சோறுதான் என்று நம்பிவிடுகிறான் போலிருக்கிறது. நீ தட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாய். வையம்பட்டியில் செய்ததற்காவது பயம் என்று ஒரு காரணம் உண்டு. இதற்கு என்னிடம் காரணமே இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் வையம்பட்டிக்குப் போனேன். இறங்கி அந்த வரப்பில் நடக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனேன். பெரியசாமி இப்போது கரண்ட் மோட்டார் போட்டிருக்கிறார். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, "வாங்க ஃபிட்டரே, மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தீங்களா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். "சந்தனமா?" என்று கேட்டார். கட்டிலில் உட்கார்ந்து மறுபடி, "சந்தனமா?" என்றார். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்போமேங்க. ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தவர், கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். "அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இனிமேல்தான் என்றேன். "நல்லா இருக்குங்க நாயம். எங்களுக்கு என்ன நட்டம்? தண்ணி பாஞ்சுது, கடலை வெளஞ்சுது. நட்டப்பட்டவகிட்ட சொல்லாம எங்ககிட்ட வந்து சொல்றீங்களே" என்று டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மோரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

நேற்று அம்மாவிடமும் தம்பியிடமும் சொன்னேன். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மூடி கீடியெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கதான்னு மட்டும் தெரியும். ரோட்டுல வந்து நின்னப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேனே" என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுதான் நான் பண்ண தப்பு" என்றாள். தம்பி திருவெறும்பூரிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அக்கா போட்டா மூணு முடிச்சு. இல்லேன்னா நான் ஒண்ணு போட்டுட்டு எந்திரிச்சிடுவேன். ஐயர்கிட்ட என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லிக்குங்க" என்று கை கழுவப் போய்விட்டான்.

பாப்பா, எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுத நினைத்தேன்; அதை எழுதினால் உனக்கு இன்னொரு வேலை கொடுத்த மாதிரி ஆகும். அதனால் கேட்கவில்லை. உன் கைக்குப் பயந்து மட்டும் வராமல் இருந்துவிடாதே. மேலூரில் ஓடியதற்கும் வையம்பட்டியில் நின்றதற்கும் அந்தக் கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது கயிற்றை நேராக இழுத்த நல்ல கை, அவ்வளவுதான். என் மேல் உள்ள கோபத்தில் வரப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம், நியாயமான விஷயம். ஆனால் அதற்காகத் தம்பியின் முகூர்த்தத்தை நீ ஏன் விட வேண்டும்? என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு, போதும். நீ உள்ளே போய் உன் இடத்தில் நில். நான் மண்டபத்துக்கு வெளியே ரோட்டில் நின்றுகொள்கிறேன். கெட்டிமேளம் அங்கே வரைக்கும் கேட்கும்.

உன் அப்பா